உப்புக்காற்றில் நின்ற புல்லட்: ஆர்.சி. புக் தொடங்கி முதல் உதை வரை

எர்ணாவூரில் பழைய வீடுகளின் சந்துப் பக்கம் கிழிந்த தார்ப்பாய் ஒன்று மேடாகத் தெரிந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் டிரம்மாக இருக்கும். எப்போதாவது ஒரு புல்லட் இருக்கும். அப்பா ஓட்டியது, மாமா கொடுத்தது, ஷிஃப்டுக்குப் போய்வந்தது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும்.

அதில் ஆச்சரியமில்லை. அந்த வண்டி பிறந்த இடமே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுத்தார்கள், பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்தில் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

இந்த அத்தியாயம் அந்தப் பழைய 350க்கு மட்டும்: வார்ப்பிரும்பு பேரல், பாயிண்ட் இக்னிஷன், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்த பிற்கால வண்டிகளுக்கு இங்குள்ள எஞ்சின் வேலை பொருந்தாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்றே ஒன்று. முதலில் வண்டியை ஓட வையுங்கள், அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலர் முதல் ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் கடைசி நட் வரை கழற்றிவிடுவார்கள். பாகங்கள் சாக்குக்குள் போகும், சாக்கு பரணுக்குப் போகும், இரண்டு வருடம் கழித்துக் காயலான் கடைத் தராசுக்குப் போகும். ஒருமுறையாவது டுப் டுப் என்று சத்தம் கேட்டுவிட்ட வண்டியை யாரும் எடைக்குப் போடுவதில்லை.

## காகிதம்

பணம் கொடுப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. எஞ்சினின் இடது பக்க கிராங்க்கேஸில், பேரலுக்குக் கீழே எண் குத்தப்பட்டிருக்கும். சேஸிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்தின் வலது பக்கம் இருக்கும். டீசல் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் படியுங்கள்.
2. இரண்டையும் ஆர்.சி. புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் அரம் போட்டது போல வழவழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.
3. பழைய மூன்றெழுத்துப் பதிவெண் உள்ள வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமலே இருக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.
4. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இரண்டும் வேண்டும். "அண்ணன் கையெழுத்துப் போட்டுடுவார்" என்ற வாக்குறுதி காகிதம் ஆகாது.

இருசக்கர வாகனத்தின் பதிவு முதலில் 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதித்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முதன்முதலில் பதிந்த நாளிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். மீன் வாங்க காசிமேட்டுக்குப் போக நினைப்பவர்கள் சாதாரணப் புதுப்பித்தலிலேயே இருப்பது நல்லது.

## வெள்ளத்தில் முங்கியதா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர்த் தெருக்களில் நின்ற தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு எந்த உயரத்தில் ஓடியது என்பது இங்குள்ளவர்களுக்கு மறக்காது. வண்டி அப்போது எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியிலும் ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

முங்கிய வண்டி என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எல்லா ஆயிலையும் இறக்கி, எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகுதான் கிக்கர் பக்கம் கால் போக வேண்டும்.

## இடமும் கருவியும்

மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் இருந்தால் போதும். கடல் பார்த்த வாசல் மட்டும் வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் எந்தப் பக்கம் படிகிறது என்பது உங்கள் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்துவிடுங்கள். திறந்து வைத்த எஞ்சினுக்குள் சாம்பல் விழுந்தால் அது எமரித் தூள் செய்யும் வேலையைச் செய்யும்.

கருவிகளில் பலரும் கோட்டை விடுவது பானாவில்தான். பழைய புல்லட்டின் பல நட்டுகள் இங்கிலாந்து அளவு. வீட்டில் இருக்கும் மி.மீ. பானா கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும், ஒரு அழுத்து அழுத்தினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். விட்வொர்த் அளவில் ஒரு ரிங் ஸ்பேனர் செட் முதலில் வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும், வாய் விரிந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டுக் குழாய் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இதோடு நல்ல திருப்புளி இரண்டு, மரச் சுத்தி, ஃபீலர் கேஜ், கண்ணாடி, கையுறை, மூக்கு மூடி, தீயணைப்பான் ஒன்று. எமரிச் சீட்டு 120, 220, 400, 800. திருவொற்றியூர் கார்போரண்டம் யுனிவர்சல் பெயர் போட்ட சீட்டே தெருமுனை ஹார்டுவேர் கடையில் தொங்கும்.

குறிப்பு: கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுங்கள். நட், போல்ட், வாஷரை அது இருந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனிப் பால் கவரில் போடுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று எண்ணாதீர்கள், இருக்காது.

## உப்பை இறக்குதல்

கடலை விட்டுத் தள்ளி நின்ற வண்டிக்கு இந்தப் பகுதி தேவையில்லை. இங்கே இதைத் தவறவிட்டால் பெயிண்டுக்கு அடியில் மறுபடி துரு கிளம்பும்.

1. பேட்டரியைக் கழற்றுங்கள். எந்த முனை சேஸிஸில் பூட்டப்பட்டிருந்தது என்று எழுதிவையுங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.
2. கார்புரேட்டர் வாய், சைலன்ஸர் வாய், டேங்க் மூடி மூன்றையும் பிளாஸ்டிக் சுற்றி ரப்பர்பேண்டால் கட்டுங்கள்.
3. போர் தண்ணீரில் கழுவாதீர்கள். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். உப்பைப் போக்க உப்பையே ஊற்றுவது போல ஆகிவிடும். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் நான்கு குடம் எடுத்து வையுங்கள், அல்லது மழைநீரைப் பிடித்து வையுங்கள்.
4. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கிரீஸ் பிசுக்கை இளக்கி, சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர் இரண்டு தரம். மட்கார்டின் உட்புற மடிப்பு, செயின் கார்டு, சீட்டுக்கு அடியில் சேஸிஸ் குழாய் இணையும் மூலை ஆகிய மூன்று இடங்களில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.
5. உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, இரும்பு தெரியும் இடமெல்லாம் பழைய எஞ்சின் ஆயிலை மெல்லிசாகத் தடவுங்கள்.

## கழற்றாமல் ஓடுமா என்று பார்த்தல்

முங்காத வண்டிக்கு மட்டும். எத்தனை வருடம் நின்றிருந்தாலும் எஞ்சினைத் திறக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

1. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றுங்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.
2. சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பிஸ்டன் இறுகியிருந்தால் இப்படித்தான் விடும். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் பிஸ்டன் விடாது, கிக்கர் ராட்செட் பல்தான் போகும்.
3. எஞ்சின் சுற்றினால், பழைய ஆயிலை முழுவதும் இறக்குங்கள். புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே இருக்கிறது. நீண்ட நாள் நின்ற வண்டியில் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் அறைக்குள் வந்து நிற்கும். டிப் ஸ்டிக்கில் ஆயிலே இல்லை என்று நினைத்து மேலே ஊற்றிவிட்டு உதைப்பவர்கள் உண்டு. அப்புறம் தெருவே புகை மண்டலமாகிவிடும்.
4. இறங்கிய ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பித்தளைத் தூள் மினுங்கினால் ஏதோ புஷ் தேய்கிறது.
5. புது ஆயில் 20டபிள்யூ50, 2 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். டிப் ஸ்டிக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.
6. கான்டாக்ட் பாயிண்ட்டை மெல்லிய எமரியால் ஒரு தேய்ப்பு, பிறகு வெள்ளைக் காகிதத்தால் துடைப்பு. முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.
7. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்களைக் காற்றால் ஊதுங்கள். அடைப்பு விடவில்லை என்றால் விளக்குமாற்று ஈர்க்குச்சி. கம்பி, ஊசி எதுவும் கூடாது, ஜெட் ஓட்டை ஒரு நூல் பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.
8. துருப்பிடித்த டேங்கை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் 200 மி.லி. பெட்ரோலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, டியூப் வழியாகக் கொடுங்கள்.

ஆபத்து: பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும்போது, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வரும். பெட்ரோல் பாட்டில் அந்த நேரத்தில் திறந்திருக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆகிவிட்டால், சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மேலே டிக் டிக் என்றால் டேப்பட், பயமில்லை. கீழிருந்து கதவைத் தட்டுவது போல லொட்டு லொட்டு என்று வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கனத்தால் பிக் எண்ட், உடனே நிறுத்துங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ரிங் அல்லது போர். இரண்டும் இல்லை, ஐடிலில் நிதானமாக நிற்கிறது என்றால் அடுத்த பகுதியைத் தாண்டி டேங்குக்குப் போங்கள். நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை நான் ஒருமுறை அடக்கவில்லை. அதற்கு விலையாக ஒரு மாதம் போனது.

## எஞ்சினைத் திறத்தல்

1. டேங்க், சைலன்ஸர் பைப், கார்புரேட்டர், மேலே ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் இவற்றை இந்த வரிசையில் கழற்றுங்கள். ஆயில் பைப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் செம்பு வாஷர்களை எண்ணி வையுங்கள்.
2. பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்துங்கள்.
3. ஹெட் நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் திருகு கால் திருகாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளையும்.
4. பேரலை நேராகத் தூக்குங்கள். பிஸ்டன் வெளியே வரும் அந்த நொடியில் இன்னொரு கை கனெக்டிங் ராடைப் பிடித்திருக்க வேண்டும். உடனே கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான பருத்தித் துணியால் அடையுங்கள். பழைய வேட்டித் துண்டு நல்லது, பனியன் துணி நூல் விடும்.
5. பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள். அது தெறித்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.
6. கனெக்டிங் ராடை இரு விரலால் பிடித்து நேர் மேலே, நேர் கீழே அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழுமாகத் துளி ஆட்டம் கைக்குத் தெரிந்தாலும் பிக் எண்ட் வேலை இருக்கிறது. அது வீட்டு வேலை அல்ல. கிராங்க்கைப் பிரித்து நேர்ப்படுத்தத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.
7. பேரலையும் லேத்தில் அளக்கக் கொடுங்கள். போர் போட வேண்டுமென்றால் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். இருபது தவ், நாற்பது தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் வித்தியாசம் இருக்கும். லேத்காரர் அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். "சைஸ் சொல்லு போதும்" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.
8. புது ரிங்குகளை ஒவ்வொன்றாகப் பேரலுக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பூட்டும்போது ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் ஆளுக்கொரு திசையில் இருக்கட்டும்.
9. வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்க்கும்போது ஒரே திசையில் சுற்றாதீர்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே தயிர் மத்து போல இங்குமங்கும் உருட்டி, அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி வையுங்கள். சீட்டில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் வந்தால் போதும். பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி, வால்வைப் பூட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி விடுங்கள். எதிர்ப்பக்கம் ஈரம் தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

வலது பக்க டைமிங் மூடிக்குள் தேவையில்லாமல் போக வேண்டாம். போக நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்: கிராங்க் முனையில் ஆயில் பம்பைச் சுற்றும் வார்ம் நட் இடது மரை. நான் இது தெரியாமல் ஸ்பேனரில் பைப் செருகி, அரை மணி நேரம் "கழற்றுகிறேன்" என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே டீ குடித்து முடித்த மேஸ்திரி, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அது அந்தப் பக்கம்பா" என்றார். முன்பே சொல்லியிருக்கலாம். டைமிங் கியர்களை எடுக்கும் முன் பல்லில் இருக்கும் புள்ளிக் குறிகளைப் படம் எடுங்கள். குறி மங்கியிருந்தால் பெயிண்ட் தொட்டு வையுங்கள்.

பூட்டும்போது மூன்று எச்சரிக்கைகள்:

- கேஸ்கெட் பசையை விரலால் அப்பாதீர்கள். மெல்லிய ஒரு பூச்சுப் போதும். அதிகமானது உள்ளே பிதுங்கி, காய்ந்து உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும்.
- டேப்பட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்கும்போது வையுங்கள். புஷ் ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.
- இடது பக்கப் பிரைமரி செயின் மூடியை ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கிறது. ஆயில் ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து இன்னும் ஒழுகும். ரப்பர் சீலை மாற்றி, அளவாக இறுக்குங்கள்.

## டேங்க்

உள்ளே துரு செதிலாக இருந்தால், பெட்ரோலை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு, பழைய போர்வையில் சுற்றிக் குலுக்குங்கள். போட்ட நட்டை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பிறகு கரைத்து வடிகட்டிய புளித் தண்ணீரை முட்ட ஊற்றி இரண்டு மூன்று நாள் விடலாம். பித்தளைக் குடத்துக்குச் செய்யும் வேலையை அது இங்கேயும் நிதானமாகச் செய்யும். கொட்டியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, உடனே உள்ளே ஆயில் சுழற்றுங்கள். ஒரு இரவு விட்டாலும் இந்த ஊர்க் காற்றில் துரு திரும்பி வந்துவிடும்.

ஆபத்து: டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங்கை வீட்டில் முயலாதீர்கள். காலியாகத் தெரியும் டேங்க்தான் நிறைந்த டேங்கை விட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள், பெட்ரோல் வைத்திருந்த டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

பிராக்கெட், ஸ்டாண்டு போன்ற இரும்பு பாகங்களுக்குப் பிளாஸ்டிக் வாளியில் வாஷிங் சோடாத் தண்ணீர் வைத்துப் பேட்டரி சார்ஜரால் துரு நீக்கலாம். பாகத்துக்கு நெகட்டிவ், ஒரு வெற்று இரும்புத் துண்டுக்குப் பாஸிட்டிவ், இரண்டும் தொடக் கூடாது. பாஸிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ குரோம் போட்டதோ வைக்காதீர்கள், நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் வைத்து, பக்கத்தில் பீடி சிகரெட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு இந்த முறை ஆகாது.

## பிரேக், டயர், வயர்

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிரேக் ஷூ, எல்லாக் கேபிள், டியூப், டயர் நான்கும் புதிது. டயர் முன்னும் பின்னும் 3.25-19. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைத் திறந்ததும் வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

வயரிங்கை ஒட்டுப் போட்டு ஓட்ட நினைக்காதீர்கள். உப்புக்காற்றில் பழைய செம்பு பச்சை பூத்து, உறைக்குள்ளேயே பொடியாகியிருக்கும். ஜி.பி. ரோட்டில் முழு வயரிங் செட் கேட்டு வாங்கி, ஒரு ஃபியூஸ் சேர்த்துப் பூட்டுங்கள்.

## பெயிண்ட்

டேங்கில் பழைய தங்கக் கோடு இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் அந்த டேங்குக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அந்தக் கோடுகளைத் திருவொற்றியூரில் ஸ்டிக்கர் ஒட்டிப் போடவில்லை, ஆள் உட்கார்ந்து பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தார்கள். கொஞ்சம் மங்கியிருந்தாலும், ஒரு மூலையில் கை நடுங்கியிருந்தாலும், அதைப் போல இன்னொன்று வராது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெல்ல மெருகேற்றி, மெழுகு பூசி விடுங்கள். கோட்டின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

மற்றப் பாகங்களுக்கு:

1. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயிண்ட் வேலை எடுக்காதீர்கள். ஈரக் காற்றில் டக்கோ வெளுத்துப் புகை படிந்தது போலாகிவிடும்.
2. காலையில் தொடங்குங்கள். பகலேறிக் கடல்காற்று திரும்பினால் அதோடு உப்பு ஈரமும் வரும்.
3. இன்று தேய்த்த இரும்புக்கு இன்றே, கடல்காற்று ஏறுவதற்குள் பிரைமர். தேய்த்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் ரேகைகூடத் துருவாக எழும்பும்.
4. பட்டி குறைவாக. குழியைத் தட்டி நிமிர்த்த முடிந்தால் நிமிர்த்துங்கள். தடித்த பட்டி புல்லட் அதிர்வில் விரியும், விரிசல் வழியாக உப்பு உள்ளே போகும்.
5. ஸ்ப்ரே செய்யும்போது மூக்கு மூடி கட்டாயம். சமையலறை ஜன்னல் பக்கம் வேண்டாம்.

குரோம் பளபளப்பில் எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. மலிவாகப் போட்ட மெல்லிய குரோம் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காமல் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பழைய குரோம் உரியாமல் இருந்தால் அதையே துடைத்து, வாரம் ஒருமுறை மெழுகு பூசுங்கள்.

## முதல் உதை

1. ஆயில் ஊற்றியபின் பிளக் இல்லாமல் முப்பது நாற்பது தரம் மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். ராக்கர் ஆயில் பைப்பின் பான்ஜோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பம்பைப் பாருங்கள்.
2. பிளக்கைப் பூட்டி, சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் இடது பக்கம் சாய்ந்து, ஒரு இடத்தில் நடுவுக்குத் திரும்பும். கிக்கரும் அங்கே கனக்கும்.
3. அங்கே டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு இஞ்ச் மட்டும் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விடுங்கள்.
4. இப்போது ஒரே சீரான முழு உதை. ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள்.

ஆபத்து: செருப்புக் காலோடு உதைக்காதீர்கள், முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் எலும்பு தாங்காது. இரண்டு முறை திருப்பி அடித்தால் உதைப்பதை நிறுத்தி டைமிங்கைச் சரிபாருங்கள்.

## முதல் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. மற்ற நாட்களில் எண்ணூர் விரைவுச்சாலை கன்டெய்னர் லாரிக்குச் சொந்தம். தெருவுக்குள்ளேயே பத்து தரம் போய்வந்து, வலது காலில் கியர் (முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே), இடது காலில் பிரேக் என்பதைக் காலுக்குப் பழக்குங்கள். பிற வண்டி ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் தவறிப் போகும். என் கால் எர்ணாவூர் கேட் பக்கம் ஒருமுறை பிரேக் என்று கியரை மிதித்தது, நல்லவேளை முன்னால் நின்றது காலி மீன்கூடை.

பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலை வரை போய்த் திரும்புங்கள். புது போர் என்றால் அதிக வேகமும் வேண்டாம், டாப் கியரில் திணறவும் விடாதீர்கள். வழியில் ஒரு டீ குடிக்கும் நேரம் எஞ்சினுக்கு ஓய்வு கொடுங்கள். திரும்பி வந்து முழுக்கக் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் ஒருமுறை பாருங்கள். 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள்.

அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையில் எந்தப் பாகத்துக்கு நேர் கீழே சொட்டு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிரைமரி செயின் மூடிக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசளவு வட்டம் என்றால் விட்டுவிடலாம், புதிதாக வந்த நாளிலும் அது சொட்டியிருக்கும். கார்புரேட்டருக்குக் கீழே ஈரமும் பெட்ரோல் வாசனையும் என்றால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் ஃப்ளோட் ஊசியைக் கழற்றுங்கள்.